பத்மா பாலம்: 120 மீட்டர் ஆழத்துக்குச் சாய்வாக இறங்கிய பைல்கள்... நேராக அடிக்காதது ஏன்?

2014 ஆகஸ்ட் 4. ரம்ஜான் பண்டிகை முடிந்து, சொந்த ஊர்களில் இருந்து வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு பத்மா ஆற்றைக் கடந்தது 'பினாக்-6' என்ற லாஞ்ச். மாவா படகுத்துறையை நெருங்கும் நேரத்தில் அது கவிழ்ந்து மூழ்கியது. 200-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்ததாகக் கூறப்பட்டது. பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பல நாள் தேடியும் மூழ்கிய லாஞ்சைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் தேடுதல் கைவிடப்பட்டது.

ஒரு முழு லாஞ்சை விழுங்கிவிட்டு, எங்கே இருக்கிறது என்றே காட்டாத ஆறு அது. அதே மாவாவில், அதே ஆற்றின் குறுக்கே 6.15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டப்பட்டு, 2022 ஜூன் 25-ம் தேதி திறக்கப்பட்டது. மேலே நான்கு வழிச் சாலை, கீழே ரயில் பாதை. அதுவரை ஃபெரிக்காக மணிக்கணக்கில் காத்திருந்த மக்கள், இப்போது சில நிமிடங்களில் ஆற்றைக் கடக்கிறார்கள்.

பாலத்தின் மேல் பகுதியைப் பற்றி நிறைய பேசியாகிவிட்டது. உண்மையான சவால் இருந்தது தண்ணீருக்கு அடியில்தான். ஆற்றுக்குள் நிற்கும் ஒவ்வொரு தூணையும் தாங்குவது, 3 மீட்டர் விட்டம் கொண்ட பிரமாண்ட இரும்புக் குழாய்கள். அவற்றைச் செங்குத்தாக அடிக்காமல், வேண்டுமென்றே சாய்த்து அடித்தார்கள். ஏன்? சாய்ந்த கால் நேரான காலைவிட உறுதியானதா? பிறகு ஏன் எல்லாக் கட்டடத்துக்கும் அப்படி அடிப்பதில்லை? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பைல் என்றால் என்ன?

சாதாரண வீடு கட்ட நாலஞ்சு அடி வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டால் போதும். மேல்மண் கெட்டியாக இருந்தால் வீட்டின் எடையை அதுவே தாங்கிக்கொள்ளும்.

மேல்மண் களிமண்ணாகவோ, தளர்ந்த மணலாகவோ இருந்தால் அது சரிப்படாது. அப்போது மேலே இருக்கும் பலவீனமான மண்ணைத் தாண்டி ஆழத்தில் இருக்கும் கெட்டியான மண்ணிலோ, பாறையிலோ எடையை இறக்க வேண்டும். அதற்காகப் பூமிக்குள் இறக்கப்படும் நீளமான கான்கிரீட் அல்லது இரும்புக் கால்கள்தான் பைல். அடுக்குமாடிக் குடியிருப்பு, மெட்ரோ ரயில் பாலம் கட்டும் இடங்களில் ராட்சத மெஷின் நின்று துளை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பைலிங் வேலை.

பைல் இரண்டு விதமாக எடையைத் தாங்கும். ஒன்று, அதன் நுனி பாறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, சுற்றியுள்ள மண் அதன் பக்கங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவரில் அடித்த ஆணி நிற்பது இந்த இரண்டாவது வகை.

பல பைல்களின் தலைகளை ஒன்றாகச் சேர்த்து மேலே ஒரு தடித்த கான்கிரீட் மேடை போடுவார்கள். அதன் பெயர் பைல் கேப். அந்த மேடைமீது தூண் எழும்பும். தூண்மீது பாலம்.

சாய்த்து அடித்தால் என்ன லாபம்?

ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? இரண்டு கால்களையும் அகட்டி வைப்பீர்கள். டிரைவர் பிரேக் போட்டாலும் சமாளிக்கலாம். கால்களை ஒட்டி வைத்து நின்றால் விழுவது நிச்சயம். பந்தல் போடுபவர்கள், காற்று பலமாக அடிக்கும் இடத்தில் நேராக நிற்கும் மூங்கிலுக்குப் பக்கத்தில் சாய்வாக இன்னொரு மூங்கிலை முட்டுக் கொடுப்பதும் இதே கணக்குதான்.

செங்குத்தான பைல், மேலிருந்து வரும் எடையைத் தாங்குவதில் கில்லாடி. பக்கவாட்டில் இருந்து தள்ளினால் அது வளைந்து கொடுத்துத்தான் எதிர்க்க முடியும். ஒரு நீளமான கம்பை நட்டு அதன் உச்சியைத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக வளையும். அதே கம்பை நீளவாக்கில் அழுத்திப் பாருங்கள். அவ்வளவு சுலபத்தில் அசையாது.

சாய்வு பைல் செய்யும் வேலை இதுதான். பக்கவாட்டில் வரும் தள்ளலை, பைலின் நீளவாக்கில் போகும் அழுத்தமாக மாற்றிவிடுகிறது. தள்ளும் திசையில் காலை நீட்டியிருக்கும் பைல் அழுத்தப்படும். எதிர்ப் பக்கம் இருக்கும் பைல் இழுக்கப்படும். இரண்டும் சேர்ந்து மேலே இருக்கும் மேடையை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பொறியாளர்கள் இதை 'ரேக்கர் பைல்' என்று சொல்வார்கள்.

பத்மாவில் பைல்கள் 6-க்கு 1 என்ற சாய்வில் இறக்கப்பட்டன. அதாவது 6 மீட்டர் கீழே இறங்கினால் 1 மீட்டர் வெளியே நகரும். ஏறத்தாழ 9.5 டிகிரி. கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். கணக்குப் போட்டால் விஷயம் புரியும்.

இப்படிச் சாய்ந்த ஒரு பைலின் நீளவாக்கில் 100 டன் விசை இருந்தால், அதில் செங்குத்தாகக் கிடைக்கும் தாங்கு திறன் 98 டன்னுக்கு மேல். பக்கவாட்டில் கிடைப்பது சுமார் 16 டன். (இரண்டையும் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். ஒரே விசையை இரண்டு திசைகளாகப் பிரிக்கும்போது அப்படித்தான் வரும்.) எடை தாங்குவதில் கிட்டத்தட்ட எதையும் இழக்காமல், பக்கவாட்டுத் தள்ளலை எதிர்க்கும் பலம் கூடுதலாகக் கிடைக்கிறது. சாய்வின் லாபம் இதுதான்.

பத்மாவுக்கு இது ஏன் தேவைப்பட்டது?

மெரினாவில் அலையில் கால் நனைத்திருப்பீர்கள். அலை பின்வாங்கும்போது உங்கள் குதிகாலைச் சுற்றியிருக்கும் மணல் மட்டும் சரசரவென்று அரித்துப் போகும். கால் உள்ளே இறங்கும், உடம்பு தடுமாறும். ஓடும் தண்ணீரில் ஒரு தடை நின்றால், அதைச் சுற்றித் தண்ணீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டி எடுத்துவிடும்.

பாலத் தூண்களுக்கும் இதுவே நடக்கிறது. உலகம் முழுக்க ஆற்றுப் பாலங்கள் விழுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த அடிமண் அரிப்பு.

இதில் பத்மா தனி ரகம். கங்கையும், பிரம்மபுத்திராவின் தொடர்ச்சியான ஜமுனாவும் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் ஆறு அது. பெருவெள்ளக் காலத்தில் ஒரு விநாடிக்கு 1 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான தண்ணீர் பாய்கிறது. படுகை முழுக்க மெல்லிய மணலும் வண்டலும். பாறை என்ற பேச்சே இல்லை. கிலோமீட்டர் கணக்கில் ஆழத்துக்கு வண்டல் படிந்த டெல்டா அது.

1967-ல் இருந்து 66,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை பத்மா அரித்துத் தின்றிருக்கிறது என்று அமெரிக்காவின் நாசா 2018-ல் செயற்கைக்கோள் படங்களுடன் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. பாலம் கட்டிக்கொண்டிருந்தபோதே, 2020 ஜூலை கடைசியில் கரையோரம் இருந்த கட்டுமான யார்டின் ஒரு பகுதியை ஆறு அடித்துக்கொண்டு போனது. பாலத்தில் பொருத்தத் தயாராக வைத்திருந்த ஏராளமான கான்கிரீட் பலகைகள் தண்ணீருக்குள் போயின.

பாலத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட அதிகபட்ச அரிப்பு ஆழம் 62 மீட்டர். ஏறக்குறைய 20 மாடிக் கட்டடத்தின் உயரம். இன்று பைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் மண்ணில் 60 மீட்டர், ஒரு பெருவெள்ளத்தில் காணாமல் போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் செங்குத்து பைலுக்குச் சிக்கல். கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு சுலபமாக வளையும். அதிலும் பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்கானால், அதே தள்ளலுக்கு வளைவு இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். மூன்று மடங்கானால் 27 மடங்கு. மண் அரித்துப் போனபின், பல மாடி உயரத்துக்குப் பிடிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு நேரான கால், நிலநடுக்கத்தில் எப்படி ஆடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வங்கதேசம் நிலநடுக்க ஆபத்து உள்ள பகுதி. கூடவே வெள்ளத்தின் வேகம், கப்பல் மோதும் அபாயம், ரயில் பிரேக் போடும்போது வரும் இழுப்பு. எல்லாமே பக்கவாட்டு விசைகள். வடிவமைப்பு நிறுவனமான ஏகாம், செங்குத்தான பெரிய கான்கிரீட் பைல்களையும் சாய்வான இரும்பு பைல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாய்வான இரும்புக் குழாய்களைத் தேர்வு செய்தது.

120 மீட்டர் ஆழத்துக்கான காரணமும் இதில் இருக்கிறது. மேல்பாதி மண் போனாலும், கீழ்ப்பாதி மண் பைலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

எப்படி அடித்தார்கள்?

சீனாவின் மேஜர் பிரிட்ஜ் இன்ஜினியரிங் நிறுவனம் பாலத்தைக் கட்டியது. 60 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரும்புத் தகடுகளை வளைத்து, வெல்டிங் செய்து 3 மீட்டர் விட்டமுள்ள குழாய்களாக்கினார்கள். ஒரு கார் உள்ளே போகும் அளவு அகலம். 120 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயின் எடை மட்டுமே 500 டன்னைத் தாண்டும்.

ஆற்றுக்குள் ஒரு இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அதன் வழியாகக் குழாயைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடித்து, ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த ராட்சத ஹைட்ராலிக் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். நேராக அடிப்பதைவிட இது பல மடங்கு கஷ்டம். சாய்ந்த குழாயைப் புவியீர்ப்பு எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சுத்தியலும் அதே கோணத்தில் சாய்ந்து விழ வேண்டும். மேலே கோணம் கொஞ்சம் தவறினாலும், 120 மீட்டர் கீழே போகும்போது நுனி எங்கோ போய் நிற்கும். 6-க்கு 1 சாய்வில் இறங்கும் 120 மீட்டர் பைலின் அடிநுனி, தலையில் இருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி இருக்கும்.

துளை போட்டுக் கான்கிரீட் கொட்டும் முறை ஏன் இல்லை என்று கேட்கலாம். தளர்ந்த மணலில் சாய்வாக ஒரு துளை போட்டால் அதன் மேல்பக்கச் சுவர் சரிந்து விழும். கம்பிக் கூட்டை நடுவில் நிறுத்துவதும் கஷ்டம். அதனால்தான் நம்ம ஊரில் துளை போட்டுச் செய்யும் பைல்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே இருக்கின்றன.

ஒரு தூணுக்கு ஆறு பைல்கள், வட்டமாக, ஆறும் வெளிப்பக்கம் காலை விரித்தபடி. எந்தத் திசையில் இருந்து தள்ளல் வந்தாலும் ஒரு கால் எதிர்த்து நிற்கும். இதுதான் முதல் திட்டம்.

22 தூண்களில் காத்திருந்த அதிர்ச்சி

2015 டிசம்பரில் முக்கியக் கட்டுமானம் தொடங்கியது. பைல்களை அடிக்கத் தொடங்கிய பிறகுதான், சில தூண்களின் இடத்தில் அதிக ஆழத்தில் களிமண் அடுக்குகள் இருப்பது தெரியவந்தது. பைல் நுனி போய் உட்கார வேண்டிய ஆழத்தில், கெட்டி மணலுக்குப் பதிலாகக் களிமண்!

பாறை இல்லாத இடத்தில் பைலின் பலமே மண்ணின் பிடிப்புதான். சாய்வு பைலுக்கு இது இன்னும் முக்கியம். பக்கவாட்டுத் தள்ளலை அது நீளவாக்கு அழுத்தமாகவும் இழுப்பாகவும் மாற்றுகிறது என்று பார்த்தோம். அந்த அழுத்தத்தையும் இழுப்பையும் கடைசியில் மண்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்ணின் பிடிப்பு குறைந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

இதனால் 22 தூண்களின் வடிவமைப்பை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. வங்கதேசத்தின் புகழ்பெற்ற பொறியாளர் ஜமிலுர் ரேஸா சௌத்ரி தலைமையிலான நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. இன்னும் ஆழமாக அடிப்பதா, பைல் எண்ணிக்கையைக் கூட்டுவதா, மண்ணையே பலப்படுத்துவதா என்று நீண்ட ஆலோசனை நடந்தது.

கடைசியில் கிடைத்த தீர்வு சுவாரஸ்யமானது. சாய்ந்த ஆறு பைல்களுக்கு நடுவில், ஏழாவதாக ஒரு பைல் சேர்க்கப்பட்டது. அது செங்குத்தானது! எடையின் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டால், மற்ற ஆறுக்கும் சுமை குறையும். கூடவே, பைலின் வெளிப்பக்கத்தில் சிறு குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியாக நுண்ணிய சிமெண்ட் கலவையை அழுத்தத்தில் செலுத்தி, சுற்றியுள்ள மண்ணைக் கெட்டியாக்கினார்கள்.

ஆக, ஆற்றுக்குள் இருக்கும் 40 தூண்களில் 18 தூண்களுக்குத் தலா 6 பைல்கள், 22 தூண்களுக்குத் தலா 7 பைல்கள். மொத்தம் 262 இரும்பு பைல்கள். கரையோரம் இருக்கும் முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் தலா 16 கான்கிரீட் பைல்கள் தனி. கடைசி இரும்பு பைல் 2019 ஜூலையில் அடித்து முடிக்கப்பட்டது.

இதற்குக் கொடுத்த விலை, காலம். 2018-ல் முடிய வேண்டிய பாலம் 2022-ல்தான் முடிந்தது. வெள்ளம், கொரோனா எனப் பல காரணங்கள் இருந்தாலும், பைல் வடிவமைப்பு மாற்றமும் முக்கியமான ஒன்று. முறைகேட்டுப் புகாரைக் காரணம் காட்டி உலக வங்கி 120 கோடி டாலர் கடனை 2012-ல் ரத்து செய்ததால், பாலத்தைச் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்த நாடு அது. மொத்தச் செலவு வங்கதேசப் பணத்தில் 30,000 கோடியைத் தாண்டியது. ஒவ்வொரு மாதத் தாமதமும் அங்கே அரசியல் விவாதமானது. ஜமிலுர் ரேஸா சௌத்ரி 2020 ஏப்ரலில் காலமானார். பாலம் திறந்ததை அவர் பார்க்கவில்லை.

சாய்வு பைல் ஆபத்தானது என்று சொல்கிறார்களே?

சொன்னார்கள். அதற்குக் காரணமும் இருந்தது.

1989 அக்டோபர் 17-ம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை 6.9 அளவிலான லோமா பிரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே ஓக்லாந்து துறைமுகத்தின் ஏழாவது தெரு முனையத்தில், கப்பல் அணையும் மேடையைத் தாங்கிய சாய்வான கான்கிரீட் பைல்கள் தலைப்பகுதியில் உடைந்து போயின.

காரணம், எதை அதன் பலம் என்று பார்த்தோமோ அதுவேதான். சாய்வு பைல் அசையாமல் விறைத்து நிற்கும். நிலநடுக்கத்தில் விறைப்பாக நிற்பவனுக்குத்தான் அடி அதிகம். பக்கத்தில் இருக்கும் நேரான பைல்கள் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும்போது, மொத்தத் தள்ளலும் சாய்ந்த சில பைல்களின் தலையில் போய் இறங்கும். அந்த இணைப்பு அதைத் தாங்கும்படி கட்டப்படவில்லை என்றால் உடையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றியுள்ள மண் காலப்போக்கில் அமிழும் இடங்களில், அமிழும் மண் சாய்ந்த பைலின் முதுகில் உட்கார்ந்து அதை வளைக்கும். நேரான பைலுக்கு இந்தத் தொல்லை அந்த அளவுக்கு இல்லை.

இதனால் கலிபோர்னியா துறைமுகங்களில் செங்குத்து பைல்களுக்கு மாறும் போக்கு அதிகரித்தது. ஐரோப்பாவின் நிலநடுக்கக் கட்டுமான விதியான யூரோகோட் 8, பக்கவாட்டு விசையைத் தாங்க சாய்வு பைல்களைப் பரிந்துரைக்கவில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், வளைவு விசைகளையும் சேர்த்துத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது.

அதே விரிகுடாவில் மறுபடியும் சாய்வு பைல்!

கதையில் திருப்பம் இங்கேதான். அதே 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பே பிரிட்ஜின் கிழக்குப் பகுதியில் ஒரு துண்டு இடிந்து விழுந்தது. அதற்குப் பதிலாக 2013-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கடல் பகுதிக்கு என்ன அஸ்திவாரம் தெரியுமா? 2.5 மீட்டர் விட்டமுள்ள, சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு இறங்கும் சாய்வான இரும்புக் குழாய்கள்!

ஒரே விரிகுடா, ஒரே நிலநடுக்கம். ஓரிடத்தில் உடைந்தது என்று ஒதுக்கியதை, இன்னொரு இடத்தில் தேடிப்போய்ப் பயன்படுத்தினார்கள். என்ன வித்தியாசம்? துறைமுகத்தில் உடைந்தவை மெல்லிய கான்கிரீட் பைல்கள். பாலத்தில் இறக்கியவை தடித்த இரும்புக் குழாய்கள். இரும்பு சட்டென்று நொறுங்காது, வளைந்து கொடுக்கும். தலை இணைப்பும் அந்த விசையைக் கணக்கில் எடுத்தே கட்டப்பட்டது.

நியூசிலாந்தில் 1987-ல் எட்ஜ்கம்ப் நிலநடுக்கம் வந்தபோது, வகாட்டனே நகரில் உள்ள லேண்டிங் ரோடு பாலத்தைச் சுற்றியிருந்த மண் கூழாகி ஆற்றை நோக்கி நகர்ந்தது. நகர்ந்த மண் தூண்களை முட்டித் தள்ளியும், சாய்வு பைல்களில் நின்ற அந்தப் பாலம் விழவில்லை.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, சாய்வு பைல் என்றாலே ஆபத்து என்ற பேச்சு மாறியது. எப்படிக் கட்டினார்கள், தலையை எப்படி இணைத்தார்கள், எந்த மண்ணில் இறக்கினார்கள் என்பதே கேள்வி என்ற இடத்துக்கு விவாதம் வந்திருக்கிறது.

பத்மாவில் சோதனை நடந்ததா?

ஒரு சின்னச் சோதனை, திறப்பு விழாவுக்கு முன்பே வந்தது. 2021 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், வெள்ளத்தின் வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்த ஃபெரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பாலத்தின் தூண்களில் மோதின. ஃபெரியில் இருந்தவர்களுக்குக் காயம் ஏற்பட்டது. பாலத்தின் உறுதிக்குப் பாதிப்பு இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர்.

62 மீட்டர் அரிப்பும் பெரிய நிலநடுக்கமும்தான் நிஜமான பரீட்சை. அதற்கு முன் பாலத்தைக் காப்பது கண்காணிப்பு. தூணைச் சுற்றிப் படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். கரையைக் கட்டுப்படுத்த இரு பக்கமும் பல கிலோமீட்டருக்கு அமைத்த தடுப்புகளைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரா, சாய்வா... எங்கே எது?

சுருக்கமாகச் சொன்னால்:

• மேலிருந்து வரும் எடைதான் பிரதானம், பக்கவாட்டுத் தள்ளல் குறைவு என்றால் செங்குத்து பைலே போதும். அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான்.

• கப்பல் வந்து இடிக்கும் ஜெட்டி, அலை அடிக்கும் கடல் மேடை, ஆழமாக அரிக்கும் ஆறு. இங்கெல்லாம் சாய்வு பைல் கைகொடுக்கும்.

• சுற்றியுள்ள மண் அமிழும் இடம் என்றால் சாய்வு பைலை யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

• நிலநடுக்கப் பகுதி என்றால், பைலின் தலை இணைப்பில்தான் உயிர் இருக்கிறது.

• நெருக்கடியான நகரத்தில் சாய்வு பைல் பக்கத்து வீட்டு நிலத்துக்கு அடியிலோ, மெட்ரோ சுரங்கத்தின் குறுக்கேயோ போய்விடும். அங்கே நேரான பைல்தான் வழி.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது, 1928-ல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து விழுந்ததை டிவியில் பார்த்தோம். பக்கத்தில் புதுப்பாலம் வந்து, பழைய பாலத்தில் போக்குவரத்து ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 2024 ஜூன், ஜூலையில் பீகாரில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட சிறு பாலங்கள் அடுத்தடுத்து இடிந்தன. ஆறுகளில் தூர்வாரிய விதம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டு, பொறியாளர்கள் பலர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

இந்த இடங்களில் சாய்வு பைல் போட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான சிறு பாலங்களுக்கு அது தேவையும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஆற்றுப்படுகை எவ்வளவு ஆழம் போகும் என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும். மணல் அள்ளினாலும், தூர்வாரினாலும், கணக்குப் போட்ட நாளில் இருந்த படுகை இன்று அங்கே இருக்காது. அப்போது பழைய கணக்கு செல்லாது.

பத்மாவிலும் தொடக்கத்தில் மண் பரிசோதனை செய்துதான் இறங்கினார்கள். அப்படியும் 22 இடங்களில் மண் வேறு மாதிரி இருந்தது. அதைக் கண்டதும் வேலையை நிறுத்தி, தாமதப் பழியை ஏற்றுக்கொண்டு, வடிவமைப்பை மாற்றினார்கள். சாய்வான ஆறு கால்களுக்கு நடுவே நேரான ஏழாவது கால் வந்தது அப்படித்தான்.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறியது. பாலத்தைத் திறந்துவைத்த ஷேக் ஹசீனா இப்போது பதவியில் இல்லை. பத்மா வழக்கம்போல ஒவ்வொரு மழைக்காலமும் பெருக்கெடுத்து, தூண்களைச் சுற்றி மணலைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. பினாக்-6 மூழ்கிய மாவாவில் இன்று பஸ்ஸும் ரயிலும் ஆற்றைக் கடக்கின்றன. 100 ஆண்டு தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட பாலம் இது. தண்ணீருக்கு அடியில் படுகை எவ்வளவு இறங்குகிறது என்ற அளவெடுப்பு, அத்தனை ஆண்டும் நிற்காமல் நடந்தாக வேண்டும்.